கில்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

எடின்பரோவின் ராயல் மைல் வீதியில் நடந்தால் கடைக்குக் கடை வாசலிலேயே கில்ட் தொங்கும். சில பத்து பவுண்டுக்கு ஒன்று. அதே ஊரில் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தால் பல நூறு பவுண்டு ஆகும். புத்ராஜெயாவில் வளாகம் வைத்திருக்கும் ஹெரியட்-வாட் போன்ற பல்கலைக்கழகங்கள் வழியாக ஸ்காட்லாந்து செல்லும் மாணவர், பட்டமளிப்புக்கோ நண்பரின் திருமணத்துக்கோ ஒரு கில்ட் வேண்டுமென்றால் எதை வாங்குவது?

முதலில் விலை வேறுபாட்டின் காரணத்தைப் புரிந்துகொள்வோம். கில்ட் என்பது கட்டம் போட்ட பாவாடை அல்ல. முழு கில்ட் ஒன்றுக்கு 8 கெஜக் கம்பளித் துணி போகும். முன்பக்கம் தட்டையாக இருக்கும். மீதித் துணி முழுவதும் பின்பக்கம் கொசுவம்போல் ஆழமாக மடிக்கப்பட்டு, இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைக்கப்படும். நல்ல தையற்காரர் ஒவ்வொரு மடிப்பையும் இடுப்பை நோக்கிக் குறுக்கியும், மடித்த பிறகும் டார்ட்டன் கட்டங்கள் தொடர்ந்து தெரியும்படியும் கையால் தைப்பார். நீங்கள் கொடுக்கும் பணம் அந்தத் துணிக்கும் அந்தக் கைவேலைக்கும்தான்.

ஆகவே கடையில் கில்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கட்டங்கள் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிப் போகின்றனவா? ராணுவப் பாணியில் ஒரே கோடு எல்லா மடிப்பிலும் வரும்படி தைப்பதும் உண்டு. அதிலும் ஒழுங்கு இருக்கும். பிறகு ஒரு மடிப்பை விரித்துப் பாருங்கள். உள்ளே ஓர் அங்குலம்கூட இல்லையென்றால் துணியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கில்ட் நடக்கும்போது அசையாது, பலகைபோல் தொங்கும். கீழ் ஓரத்தையும் கவனியுங்கள். மரபுக் கம்பளி கில்ட்டின் அடியில் பெரும்பாலும் மடித்துத் தைத்த தையல் இருக்காது. துணியின் நெய்த கரையே ஓரமாக நிற்கும்.

துணியின் எடையை ஒரு கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 16 அவுன்ஸ் கனமானது. மடிப்பு அழகாக நிற்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் அணிய முடியாது. 13 அவுன்ஸ் நடுத்தரம், பெரும்பாலோருக்கு அதுவே போதும். அக்ரிலிக் துணி மலிவு. சீக்கிரம் உருண்டை கட்டும், மடிப்பும் கலைந்துவிடும். பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி அதைவிட எவ்வளவோ மேல், இயந்திரத்தில் துவைக்கவும் முடியும். 'ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது' என்ற சீட்டைக் கண்டு மயங்க வேண்டாம். தைத்த இடம் வேறாக இருக்கலாம்.

கையில் பணம் குறைவென்றால் என் பரிந்துரை: புதிய மலிவு கில்ட்டைவிட, ஒருவர் அணிந்த நல்ல கம்பளி கில்ட். திருமணங்களுக்கு வாடகைக்கு விடும் கடைகள் பழைய இருப்பை அவ்வப்போது விற்கும். அறக்கொடைக் கடைகளிலும் கிடைக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூச்சி அரித்த துளை இருந்தால் ஒளி தெரியும். வார், கொக்கி பழுதானால் மாற்றலாம். கொக்கியை நகர்த்தி இடுப்பளவைச் சிறிது கூட்டவோ குறைக்கவோ முடியும். மடிப்பையே பிரித்துத் தைக்க வேண்டிய அளவு வித்தியாசம் இருந்தால் வாங்காதீர்கள். அந்தச் செலவு விலையை விழுங்கிவிடும்.

காற்சட்டை அளவைச் சொல்லி வாங்குவது பெரிய தவறு. கில்ட் நம் கைலிபோல் இடுப்பெலும்பில் நிற்பதில்லை. தொப்புள் உயரத்தில் கட்டுவார்கள், ஓரம் முழங்கால் சிப்பியின் நடுவில் முடியும். தொப்புளைச் சுற்றி ஓர் அளவு, பிட்டம் அகன்ற இடத்தில் ஓர் அளவு, தொப்புளிலிருந்து முழங்கால் நடு வரை ஓர் அளவு. இந்த மூன்றும் வேண்டும்.

எந்த டார்ட்டன்? எந்தக் குலத்தைச் சேர்ந்தவர் என்று யாரும் சான்று கேட்க மாட்டார்கள். பால்மோரல் டார்ட்டன் மட்டும் அரச குடும்பத்துக்கானது. பிளாக் வாட்ச், ராயல் ஸ்டூவர்ட் போன்றவை எங்கும் இருப்பில் உள்ளதால் பணப்பைக்கும் நல்லது. அரிய வடிவத்தைத் தனியாக நெய்யச் சொன்னால் விலை ஏறும்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் துணைப்பொருட்கள். ஸ்பொரான் எனும் முன்பையைப் பழையதாக வாங்கலாம். உங்களிடமுள்ள கறுப்புக் காலணியே போதும். கில்ட் ஊசியை மேல் மடலில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.

ஒரே ஒரு விழாவுக்குத்தான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வாங்கி ஊருக்குக் கொண்டு வந்தால், அணிந்த பிறகு நன்றாக உலர்த்தி, மடிப்பு கலையாமல் தொங்கவிடுங்கள். நம் ஈரக்காற்றில் அலமாரிக்குள் அடைத்த கம்பளி பூஞ்சை பிடித்துவிடும்.