மண்டோரும் ஏவலும்

தோட்டத்தில் உழைத்தோர்க்கும் அவர்தம் மக்கட்கும் மண்டோர் என்னுஞ் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. விடியலிற் பெயர் கூப்பிட்டு, ஆள் பிரித்து, வேலை ஏவியவர் அவர். அச்சொல் தமிழன்று; மலாய் வழியே நம்மிடம் வந்தது. மலாய்க்கு அதனைத் தந்தோர், 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர். அவர்தம் மொழியில் மந்தாதோர் என்பான் கட்டளையிடுபவன்.

அதன் வேர் ‘மந்தார்’ என்னும் வினை. ஸ்பானிய மொழியிலும் அதுவே வழங்குகிறது. அம்மொழி பயிலப் புகும் தமிழர் முதலில் திகைப்பர். கடிதத்தை மந்தார் செய்தல் என்றால் அனுப்புதல். ‘இங்கே மந்தார் செய்பவர் யார்?’ என்றாலோ, அதிகாரம் யாருடையது என்பது கேள்வி.

திகைப்பு வேண்டா. நம் ‘ஏவு’ என்னும் வினையை நோக்குக. அம்பை ஏவினான் என்றால் செலுத்தினான். ஆளை ஏவினான் என்றால் பணித்தான். (பேயை ஏவுவதாகச் சொல்லிக் காசு பறிப்போரின் பொருளை அவர்களிடமே விட்டுவிடுவோம்.)

இவ்விரு பொருளும் ஒரே மனிதரிடம் கூடியதை நம் முன்னோர் கண்டனர். கங்காணியார் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி அனுப்பினார். இங்கே அவரே வேலையும் வாங்கினார். ஆள் வேலைக்கு இறங்கிய நாளுக்குத் தலைக்கு இவ்வளவென்று அவருக்குக் காசு. வழிச்செலவுக் கடனும் ஊர் உறவும் அவர் கையிலிருக்க, எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. ‘அனுப்பு’ என்னும் பாதி அற்றது. ‘பணி’ என்னும் பாதி மண்டோர் உருவில் நெடுங்காலம் நின்றது.

நிற்க. ஸ்பானியத்தில் இவ்வினை வேறொரு வினையோடு சேருங்கால் ‘செய்வித்தல்’ என்றாகும். வீடு கட்ட மந்தார் செய்தவன் கல் சுமந்தவனல்லன். நம் இலக்கணிகள் ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இருவரையும் பெயரிட்டே பிரித்தனர். அரசன் குளம் வெட்டினான் என்னுமிடத்து மண்வெட்டி பிடித்தவன் அரசனோ?

சிங்கப்பூரில் 1862-இல் அர்ப்பணிக்கப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை மக்பர்சன் கட்டினார் என்பர். அவர் ஏவுதற்கருத்தா. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய்மட்டை ஊறிய நீரிற் குழைத்து அதன் சுவரைப் பூசியோர், 1825 முதல் இத்தீவிற்குக் கொணரப்பட்ட இந்தியக் கைதிகள்.