விளையாட்டுக் காயங்களின் ஆபத்துக் காரணிகள்: புத்தளம் கரையோரம்

விளையாடும்போது காயம் நேரும் வாய்ப்பைக் கூட்டுகின்ற உடல், மன, சூழல் நிலைகள் ஆபத்துக் காரணிகள் எனப்படும். இலங்கையின் வடமேல் மாகாணத்தில் கற்பிட்டித் தீபகற்பம், புத்தளம், உடப்பு, சிலாபம் என நீளும் கரையோரத்தில் இவை அவ்விடத்து வெயிலோடும் தொழிலோடும் பிணைந்திருக்கின்றன. உதைபந்தாட்டம் இங்கே பரவலாக ஆடப்படுகிறது. கற்பிட்டிக் களப்பு, காற்றின் வேகத்தால், பெரிய பட்டம் இழுக்கப் பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் கைட் சர்ஃபிங் விளையாட்டுக்குப் பெயர்பெற்றது.

உடல்சார் காரணிகளில் முதன்மையானது முந்திய காயம். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்குவதும், கிழிந்த பின்தொடைத் தசை மீண்டும் கிழிவதும் உலகெங்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. வீக்கம் வடிந்துவிட்டால் கால் குணமாகிவிட்டது என்று நம்புவதே பெரும் கேடு. மூட்டின் நிலையை உணர்ந்து சமநிலை காக்கும் திறன் வலி தணிந்த பின்னும் நெடுநாள் குன்றியே இருக்கும். அதைப் பயிற்சியால்தான் மீட்க முடியும். சுளுக்கிய அன்றே எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும் நல்லதன்று. உள்ளே கசியும் குருதியையும் வீக்கத்தையும் அது கூட்டக்கூடும்.

அடுத்தது களைப்பு. உடப்பில் விடியற்காலை கரைவலை இழுத்த இளைஞரும், புத்தளம் உப்பளத்தில் பகலெல்லாம் மூட்டை சுமந்தவரும் மாலையில் மைதானத்துக்கு வரும்போது அவர்களுடைய தசைகள் ஏற்கெனவே ஒரு பயிற்சியை முடித்திருக்கின்றன. பயிற்சிச் சுமையைக் கணக்கிடும் பயிற்றுநர்கள் இந்த உழைப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உலர் வலய வெயில், வியர்வையால் இழக்கும் நீர், கால் புதையும் மணல் ஆகியவை களைப்பை விரைவுபடுத்துகின்றன. நோன்புக் காலத்தில் பகலில் நீர் அருந்த இயலாததால் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்வதே பொருத்தம்.

மனநிலைக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பை மார்க் ஆண்டர்சனும் ஜீன் வில்லியம்ஸும் 1988இல் ஒரு மாதிரியாக வகுத்து, 1998இல் திருத்தினர். வாழ்க்கையில் நேர்ந்த பெரிய மாற்றங்கள், அன்றாடத் தொல்லைகள், பதற்ற இயல்பு, துணைநிற்போர் இன்மை ஆகியவை நெருக்கடியான ஆட்டத்தில் மன அழுத்தத்தைப் பெருக்கும் என்பது அவர்கள் கருத்து. அப்போது தசைகள் இறுகும், பார்வைப் புலம் குறுகும், பக்கத்திலிருந்து பாய்ந்து வரும் எதிரணி வீரர் தாமதமாகவே கண்ணில் படுவார். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாணவரும், மீன் படாத மாதங்களில் கடனை நினைத்துக்கொண்டு ஆடுபவரும் இந்த வகையில் கவனிக்கப்பட வேண்டியவர்கள். உறக்கமும் இதில் சேரும்: 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கிய பள்ளி விளையாட்டு வீரர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. ஊர் மானம் பேசி வலியை மறைக்கத் தூண்டுவது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. முதற்காயத்தை இரண்டாம் காயமாக்குவது பெரும்பாலும் அதுவே.

கைட் சர்ஃபிங்கில் நிலைமை வேறு. மே முதல் ஒக்டோபர் வரையான தென்மேற்குக் காற்றுக் காலமே கற்பிட்டியில் முக்கிய பருவம். களப்பின் ஆழமின்மை புதியவருக்கு நம்பிக்கை தரும், ஆனால் உயரத்திலிருந்து விழுந்தால் அதே ஆழமின்மை கணுக்காலைப் பதம் பார்க்கும். 2004இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்று 235 பேரைப் பின்தொடர்ந்து, 1000 மணி நேரத்துக்கு ஏழு காயங்கள் எனப் பதிவுசெய்தது. பாதமும் கணுக்காலுமே அதிகம் பாதிக்கப்பட்டன. காயங்களில் பாதிக்கு மேற்பட்டவை, கட்டுப்பாடு இழந்த வேளையில் பட்டத்தை உடற்பட்டியிலிருந்து கழற்ற இயலாமையால் நேர்ந்தவை. விரைவு விடுவிப்புக் கொளுவி இருந்தும் பதற்றத்தில் கை அதை நாடாமல் போகலாம். எனவே கரையிலேயே பலமுறை பழகிக் கை தானாக இயங்கும் நிலைக்கு வர வேண்டும்.

உதைபந்தாட்டத்துக்கென ஃபீஃபா உருவாக்கிய ‘11+’ உடல் தயார்ப்படுத்தல் முறைக்கு ஏறத்தாழ 20 நிமிடமும் ஒரு பந்தும் போதும். நோர்வேயின் இளம் வீராங்கனைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடும் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. முழங்கால் முன்சிலுவைத் தசைநார்க் கிழிவு பெண்களுக்கு ஆண்களைவிடப் பன்மடங்கு நேர்வதால், பெண்கள் அணிகள் இதைத் தவறவிடலாகாது. செலவில்லாத இந்த முறையைக் கரையோரக் கழகங்களும் பாடசாலைகளும் ஒவ்வொரு பயிற்சியிலும் கடைப்பிடிக்க வேண்டும். காயம்பட்டவர் எப்போது மீண்டும் ஆடலாம் என்பதை மருத்துவரிடமோ இயன்மருத்துவரிடமோ விட்டுவிட வேண்டும்.