ஸ்லீவா, பைபாஸா? எடைக் குறைப்பு அறுவைத் தேர்வில் பின்வாழ்வுக்கு உரிய இடம்

எடைக் குறைப்பு அறுவை செய்துகொள்ள முடிவெடுத்து மருத்துவர் முன் வந்து அமர்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'இரண்டில் எது டாக்டர் அதிகம் குறைக்கும்?' என்பதுதான். பல ஆண்டுகள் பட்டினி கிடந்தும் நடையாய் நடந்தும் தோற்றவரின் கேள்வி அது. அதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆயினும் தேர்வுக்கு அது உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்று மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் இடையே எடையில் உள்ள வேறுபாடு சிறிது. பின்னால் அவை கொண்டுவரும் தொல்லைகளில் உள்ள வேறுபாடு பெரிது. எந்த அறுவையின் தொல்லையை இந்த உடலும், இந்த வீட்டுச் சமையலும், இந்த வருமானமும் முப்பது ஆண்டுக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் தேர வேண்டும்.

இத்துறையின் வரலாறே இதற்குச் சான்று. 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமனும் லின்னரும், சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு அதன் தொடக்கத்தைக் கடைப்பகுதியோடு இணைக்கும் முறையை வெளியிட்டனர். எடை கண்முன்னே கரைந்தது. பின்னர் கல்லீரல் பழுதும், சிறுநீரகக் கல்லும், மூட்டு அழற்சியும் வந்தன. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி சேர்க்க வேண்டியதாயிற்று; அந்த முறையே கைவிடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, இரைப்பையின் கழுத்தில் மாட்டும் சிலிக்கான் பட்டைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தபோது, வெட்டும் தையலும் இல்லாததால் இதுவே பாதுகாப்பானது என்று பலர் நம்பினர். பட்டை நழுவியது, சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்தது, மாட்டியவர்களில் பலர் அதைக் கழற்றிக்கொள்ளத் திரும்பி வந்தனர். இரண்டு முறையும் முதலிரண்டு ஆண்டுகளின் எடையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள். உண்மையான தீர்ப்பைப் பத்தாம் ஆண்டு எழுதியது.

இப்போது நிலைத்திருக்கும் இரண்டு முறைகளின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவை ஒட்டி முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கும் மேல்பகுதியும் வெட்டில் போய்விடுவதால், கொள்ளளவு குறைவதோடு பசியும் அடங்குகிறது. குடலில் கை வைப்பதில்லை. பைபாஸில் எதையும் வெட்டி எறிவதில்லை. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, சிறுகுடலின் ஒரு வளையத்தைக் கொண்டுவந்து அதில் இணைக்கிறார்கள். உணவு பெரிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் நேரே கீழே இறங்குகிறது. அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்து, 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிய முறையின் வளர்ச்சி இது. ஸ்லீவின் பிறப்போ தற்செயலானது. மிகப் பெரும் எடையுள்ளவர்களுக்கு நீண்ட அறுவையை ஒரே நாளில் செய்வது ஆபத்து என்பதால், முதல் தவணையாக இரைப்பையை மட்டும் குறுக்கி அனுப்பினார்கள். இரண்டாம் தவணை தேவைப்படாத அளவுக்கு அவர்களில் பலர் மெலிந்தார்கள். முதல் தவணையே பின்னர் தனி அறுவையாக நின்றுவிட்டது.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகளின் ஐந்தாண்டு முடிவுகள் 2018 ஜனவரியில் வெளிவந்தன. பின்லாந்தில் 240 பேரும் சுவிட்சர்லாந்தில் 217 பேரும் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். பின்லாந்து ஆய்வில் மிகை எடையில் குறைந்தது ஸ்லீவ் பிரிவில் 49 விழுக்காடு, பைபாஸ் பிரிவில் 57 விழுக்காடு. சுவிஸ் ஆய்வில் மிகையான பி.எம்.ஐ.யில் குறைந்தது முறையே 61 விழுக்காடும் 68 விழுக்காடும். பைபாஸ் சற்றே முந்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் 40 கிலோ மிகை எடை கொண்ட ஒருவருக்கு இந்த இடைவெளி மூன்று கிலோவைச் சுற்றித்தான் வருகிறது. மூன்று கிலோவுக்காக ஒருவர் தம் குடலின் போக்கை மாற்றிக்கொள்ளலாமா?

சுவிஸ் ஆய்வின் இன்னொரு பகுதியே கூடுதல் கவனத்துக்கு உரியது. அறுவைக்கு முன் எதுக்களிப்பு இருந்தவர்களில், ஸ்லீவுக்குப் பின் அது மோசமானவர்கள் 31.8 விழுக்காடு, பைபாஸுக்குப் பின் 6.3 விழுக்காடு. பின்லாந்துக் குழு பத்தாம் ஆண்டில் உணவுக்குழாயின் உள்ளே பார்த்தபோது, ஸ்லீவ் பிரிவில் 31 விழுக்காட்டினருக்கும் பைபாஸ் பிரிவில் 7 விழுக்காட்டினருக்கும் அழற்சி இருந்தது. காரணம் எளியது. பெரிய பை குறுகிய குழாயாகும்போது உள்ளழுத்தம் ஏறுகிறது. கீழ்வாயில் இருக்கும் தசை வளையம் முன்போலவே இறுக்கமாக நிற்க, அமிலம் மேலேறுகிறது. பாரெட் எனப்படும் முன்புற்று மாற்றம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காணப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும் இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுப்பவரும், பல ஆண்டாக அமில மாத்திரையில் ஓடுபவரும் ஸ்லீவைத் தேர்வதற்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தே ஆகவேண்டும். அந்த ஒரு சோதனையைத் தவிர்த்துச் செய்யப்படும் ஸ்லீவை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வளவோடு நின்றால் பைபாஸே மேல் என்று தோன்றும். தமிழ்நாட்டுப் பெண்ணின் உடலைக் கருதும்போது அத்தீர்ப்பு அசைகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21), இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரை அதிக எடையினராகவோ பருமனாகவோ கணக்கிட்டது. அதே கணக்கெடுப்பு அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றது. பொதுவாக இவ்விரு எண்களையும் இரண்டு தனிச் சிக்கல்களாகவே படிக்கிறோம். இரு கூட்டமும் ஒன்றோடொன்று கலவாதிருக்கும் என்று நம்ப இடமில்லை. பருத்த உடலுக்குள் இரும்பு வற்றிய இரத்தம் ஓடுவது இங்கே அன்றாடக் காட்சி. உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படும் முதன்மையான இடம் முன்சிறுகுடல். அதற்கு இரைப்பை அமிலமும் வேண்டும். பைபாஸ் தவிர்த்துச் செல்வது சரியாக இவ்விரண்டையும்தான். மாதவிடாய் நிற்காத, கீரையையும் பருப்பையும் மட்டுமே இரும்புக்கு நம்பியிருக்கும், சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் ஒருவருக்கு அந்த வழிமாற்றத்தின் விலை பின்லாந்துக்காரர் கொடுத்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். புலால் உண்ணாதவருக்கு பி12 பற்றாக்குறை முன்பே இருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த அறுவையும் கூட்டவே செய்யும். இரும்பு ஏற்றுவதை அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும். மாத்திரையை விடாமல் எடுப்பார், ஆண்டுதோறும் இரத்தம் பார்ப்பார் என்ற உறுதி இல்லாதவருக்குப் பைபாஸ் பொருந்தாது. ஸ்லீவ் செய்தவருக்கும் மாத்திரை உண்டு. விட்டுவிட்டால் வரும் சரிவு அங்கே மெதுவானது.

சர்க்கரை நோய் தராசை மறுபடி சாய்க்கிறது. 1995இல் வால்டர் போரிஸ் குழுவினர், பைபாஸுக்குப் பின் எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்குவதைப் பதிவு செய்தது இத்துறையின் திருப்புமுனை. உணவு விரைந்து கீழ்க்குடலைத் தொடும்போது ஜி.எல்.பி-1 போன்ற இயக்குநீர்கள் பெருகுவது அதற்கு ஒரு காரணம். கிளீவ்லாந்து கிளினிக்கில் 150 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், ஐந்தாண்டு முடிவில், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே நின்றவர்கள் மருந்து மட்டும் எடுத்த பிரிவில் 5 விழுக்காடு, ஸ்லீவில் 23, பைபாஸில் 29. இங்கும் பைபாஸ் முந்துகிறது. ஆனால் நோயின் வயதைக் கேட்காமல் அந்த முடிவை எல்லாருக்கும் பொருத்தக் கூடாது. பல ஆண்டாக இன்சுலின் போட்டு, கணையம் களைத்துப்போனவருக்கு எந்த அறுவையும் நோயை முழுதாக நீக்குவது அரிது. ஆபத்து குறைந்த ஸ்லீவ் அவருக்குப் போதும் என்று கிளீவ்லாந்து-பார்சிலோனா குழு 2017இல் வகுத்த மதிப்பெண் முறை சொல்கிறது. பைபாஸால் அதிகப் பயன் பெறுவோர் நடுநிலையில் இருப்பவர்கள்: சில ஆண்டு நோய், இரண்டு மூன்று மாத்திரை, இன்னும் சுரக்கும் கணையம்.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். பைபாஸில் ஒதுக்கப்பட்ட பெரிய இரைப்பைக்குள் வழக்கமான எண்டோஸ்கோப்பி எட்டாது. இரைப்பைப் புற்று மிகுந்த ஜப்பானில் ஸ்லீவ் முன்னுரிமை பெற்றதற்கு இது முக்கியக் காரணம். குடும்பத்தில் அந்நோய் கண்டவர்கள் நம் ஊரிலும் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது. பைபாஸின் எளிய வடிவமான மினி பைபாஸ், ஒரே இணைப்பில் முடிவதால் இந்தியாவில் பரவியிருக்கிறது. பிரான்சில் 253 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், எடைக் குறைப்பில் அது பைபாஸுக்கு இணையாக நின்றது; 200 செ.மீ. குடலை ஒதுக்கியதால் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் மிகுந்தன. பருப்பே புரதமாக இருக்கும் வீட்டுக்கு அது எச்சரிக்கை.

அறுவைக்குப் பிந்தைய வாழ்வில் முதலில் மாறுவது தட்டு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். வயிற்றில் இடமோ சில கவளங்களுக்குத்தான். சோற்றை நடுவில் குவித்துக் குழம்பு ஊற்றும் நம் வழக்கத்தில் புரதம் ஓரத்தில் நிற்கிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது: முதலில் முட்டை, மீன், பன்னீர், சுண்டல், இடம் மிஞ்சினால் சோறு. உணவோடு தண்ணீர் கூடாது. அரைமணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். பைபாஸ் செய்தவர் கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்தால் சற்று நேரத்தில் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரலாம். சர்க்கரை திடீரெனக் குடலில் இறங்குவதன் விளைவு அது. 'ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்' என்று இலையில் பரிமாறும் அன்பை மறுப்பதுதான் பலருக்குக் கத்தியைவிடக் கடினம். இதை ஆய்வுகள் அளப்பதில்லை. விருந்தோம்பலே உறவின் மொழியாக இருக்கும் சமூகத்தில் இதுவும் மருத்துவ விவரம்தான். அறுவைக்கு முந்தைய ஆலோசனையில் குடும்பத்தாரையும் உட்கார வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக மெலிவதால் பித்தப்பையில் கல் சேரலாம். விடாத வாந்தியை 'ஆபரேஷன் செய்தால் அப்படித்தான்' என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது: தையமின் வற்றினால் சில வாரங்களில் கண்ணும் நடையும் நினைவும் பாதிக்கப்படும். பெண்களுக்கு எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறுகிறது. முதல் 12 முதல் 18 மாதம் கருவைத் தள்ளிப்போட வேண்டும், பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. மது முன்னைவிட விரைந்து தலைக்கேறுகிறது. பைபாஸுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் குடிநோய் கூடுவதை ஓர் அமெரிக்க ஆய்வு 2012இல் காட்டியது. மனத்தின் சுமையும் கூடவே வருகிறது. யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களைப் பின்தொடர்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் மொத்த இறப்பு 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத இறப்புகள் 58 விழுக்காடு கூடியிருந்தன. முதல் எண்ணைச் சொல்லி இரண்டாவதை விடுவது அறமாகாது.

ஊசி மருந்துகள் வந்துவிட்ட பிறகு அறுவை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. செமாகுளுடைட் 68 வாரத்தில் சராசரி 15 விழுக்காடு, டிர்செபடைட் உச்ச அளவில் 72 வாரத்தில் ஏறத்தாழ 21 விழுக்காடு எடையைக் குறைத்தன. நிறுத்தியபின், செமாகுளுடைட் எடுத்தவர்கள் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றார்கள். ஆகவே ஊசிக்கும் வாழ்நாள் கணக்கு உண்டு. பி.எம்.ஐ. 40ஐத் தாண்டியவருக்கு அறுவையின் இடத்தை அது இன்னும் எடுக்கவில்லை. அறுவைக்குப் பின் எடை ஏறுபவருக்குத் துணையாக வருவதே அதன் நல்ல இடம் என்பது என் கருத்து.

கடைசியாகக் காசு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதி, பி.எம்.ஐ. குறைந்தது 40, அல்லது கடும் துணைநோயோடு குறைந்தது 35 இருந்தால்தான் இவ்வறுவையை ஏற்கச் சொன்னது. இது 1991இல் அமெரிக்காவில் வரையப்பட்ட கோட்டின் நகல். குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பும் சர்க்கரையும் சேரும் ஆசிய உடலுக்குக் கோடு கீழே இருக்க வேண்டும் என்று 2022இல் இத்துறை அறுவை மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பும் அமெரிக்கச் சங்கமும் சேர்ந்தே சொல்லிவிட்டன. கோட்டைவிட என்னை வருத்துவது இன்னொன்று. காப்பீடு மருத்துவமனையில் படுக்கும் நாள்களுக்குப் பணம் தருகிறது. பிறகு ஆண்டுதோறும் வேண்டிய இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் பெரும்பாலும் நோயாளியின் கைக்காசு. பைபாஸைத் தேர்ந்து ஐந்தாம் ஆண்டில் மாத்திரையை விட்டவரைப் பொறுப்பற்றவர் என்று திட்டுவதற்கு முன் இதை எண்ண வேண்டும்.

பெருநகரத்தில் அறுவை முடிந்து சொந்த ஊர் திரும்பியவரின் பல்வலிக்கு அங்குள்ள மருந்துக்கடையில் தருவது வழக்கமான வலிமாத்திரைதான். பைபாஸ் செய்தவருக்கு அது இணைப்பில் புண்ணை உண்டாக்கும். ஓராண்டு கழித்துத் திடீர் வயிற்றுவலியோடு அவர் வந்தால், அது வயிற்றுக்குள் உள்ள இடைவெளியில் குடல் சிக்கிக்கொள்ளும் உட்சரிவாக இருக்கலாம் என்று உள்ளூர் மருத்துவருக்குத் தோன்ற வேண்டும். இரண்டுக்கும் சட்டைப்பையில் ஒரு சிறு அட்டை போதும்: செய்த அறுவையின் பெயர், நாள், ஒதுக்கிய குடலின் நீளம், தரக்கூடாத மருந்துகள், அடுத்த இரத்தப் பரிசோதனை மாதம். அதைத் தமிழில் அச்சிட்டு, தையல் பிரிக்கும் நாளில் நோயாளியின் கையில் கொடுக்கலாம்.