உடன்படிக்கையிலிருந்து பிரகடனத்துக்கு: மாத்தளை கண்ட அரசியல் மாற்றம்

இலங்கை வரலாற்றிலே கண்டி இராச்சியத்தின் முடிவு 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கையோடு இணைத்தே பேசப்படுகின்றது. கண்டிப் பிரதானிகளும் பிரித்தானியத் தேசாதிபதியும் இணங்கிச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்னும் வடிவினை அது பெற்றிருந்தது. ஆயினும், மூன்றாண்டுகள் கழிந்து 1818 நவம்பர் 21ஆம் திகதி வெளியான பிரகடனம் அவ்வொப்பந்தத்தின் உயிர்நாடியையே அறுத்துவிட்டது. வாக்குறுதிகளால் வெல்லப்பட்ட நாடு ஆணைகளால் ஆளப்படலாயிற்று. இம்மாற்றத்தின் தொடக்கத்தையும் வளர்ச்சியையும் விளைவையும் ஒருசேரக் காண்பதற்கு மாத்தளைப் பிரதேசம் தக்கதொரு களமாகும்.

கண்டிக்கு வடக்கே அமைந்த மாத்தளை, நாலந்தை, தம்புளை ஆகியவற்றினூடாகத் திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் வழியிலே உள்ளது. கரையோரத்தைக் கைப்பற்றியிருந்த பிரித்தானியர் மலைநாட்டின்மேற் கண் வைத்தபோது இவ்வழியின் முக்கியத்துவத்தை நன்குணர்ந்தனர். 1803இல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கண்டிமீது படை அனுப்பினார். அதற்கு முன்னரே அவர் அரசின் முதன்மை அதிகாரான பிலிமத்தலாவையுடன் இரகசியப் பேச்சுகள் நடத்தியிருந்தார். கைப்பற்றிய தலைநகரில் முத்துசாமி என்பாரை அரியணையேற்றி, அவரோடு ஓர் ஒப்பந்தமும் செய்யப்பட்டது. போக்குவரத்தைக் காப்பதற்கென மாத்தளையில் மக்டோவல் கோட்டை எழுந்தது. ஆனால் மக்களின் ஆதரவற்ற அரசனும், நோயால் நலிந்த காவற்படையும் நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை அழிக்கப்பட்டது. மாத்தளைக் கோட்டையிலிருந்த கப்டன் மாட்ஜ் அதனைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். அக்கோட்டையின் வாயில் மாத்தளை நகரின் கிறித்தவ மயானத்தில் இன்றும் எஞ்சி நிற்கின்றது.

இத்தோல்வி பிரித்தானியருக்கு ஒரு பாடத்தைப் புகட்டியது. பிரதானிகளின் இணக்கமின்றிப் படைபலத்தால் மட்டும் மலைநாட்டை வைத்திருத்தல் இயலாது என்பதே அப்பாடமாகும். அடுத்த பத்தாண்டுகளில் அவர்களது முதன்மையான கருவியாக அமைந்தவர் யோன் டொயிலி. சிங்கள மொழியைக் கற்றுத் தேர்ந்த அவர், பிரதானிகளோடு கடிதத் தொடர்பு கொண்டும், ஒற்றர் மூலம் செய்தி திரட்டியும் அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையிலிருந்த பிளவை நுணுகி அறிந்துகொண்டார். 1814இல் எகலப்பொலை அரசனுக்கு எதிராகக் கிளர்ந்து பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தமையும், அவர்தம் மனைவி மக்கள் கொல்லப்பட்டமையும், பிரித்தானிய ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த வணிகர் சிலர் அங்கவீனம் செய்யப்பட்டமையும் போருக்கு வேண்டிய காரணங்களை அளித்தன. 1815இல் படைகள் பெரும் எதிர்ப்பின்றிக் கண்டியை அடைந்தன. பெப்ரவரி 18ஆம் திகதி அரசன் சிறைப்பட்டான்.

உடன்படிக்கையின் பன்னிரண்டு வாசகங்களும் இச்சூழ்நிலையின் முத்திரையைத் தாங்கியவை. நாட்டின் ஆட்சி பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. பிரதானிகளின் உரிமைகளும் அதிகாரங்களும் காக்கப்படும் எனக் கூறப்பட்டது. பௌத்த சமயத்தின் உரிமைகளும் வழிபாடும் மீறப்படலாகாதவை என ஐந்தாம் வாசகம் உறுதியளித்தது. வழக்கிலிருந்த நீதிமுறை தொடரும் என்றும், சித்திரவதையும் அங்கச்சேதமும் ஒழிக்கப்படும் என்றும் ஏனைய வாசகங்கள் கூறின.

மூன்றாம் வாசகம் தனித்து நோக்கத்தக்கது. வீழ்ந்த அரசனின் உறவினர் அரியணைக்கு உரிமை கோருதல் தடுக்கப்பட்டதோடு, அன்னாரின் ஆண்வழி உறவினர் பகைவராகவும் கருதப்பட்டனர். இவ்வம்சத்தைச் சுட்டுவதற்கு அவ்வாவணம் ஆண்ட சொல் ‘மலபார்’ என்பதாகும். தமிழரைக் குறிக்க ஐரோப்பியர் அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. மன்னனின் கொடுங்கோன்மையை அவனது குலத்தோடு பிணைத்து, அந்நிய வம்சமொன்றிலிருந்து மக்களை விடுவித்தவராகப் பிரித்தானியர் தம்மைக் காட்டிக்கொண்டனர். எனினும் 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் அந்நாட்டின் சமய வாழ்வோடு ஒன்றியிருந்தவர்கள். 1753இல் சீயத்திலிருந்து உபசம்பதையைப் பெற்றுப் பௌத்த சங்கத்துக்குப் புத்துயிரளித்தவன் அவ்வம்சத்து மன்னனான கீர்த்தி சிறீ இராசசிங்கனே ஆவான். போர்க்கால இராஜதந்திரம் தன் தேவைக்கேற்ப வரலாற்றைச் சுருக்கிக்கொள்ளும் என்பதற்கு இது சான்றாகும்.

அச்சுருக்கத்தின் பொய்ம்மையை வெளிப்படுத்தியவர்கள் கண்டி மக்களே. 1817இல் ஊவா, வெல்லச பகுதிகளில் வெடித்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவன் முன்னாட் பிக்குவான வில்பாவே. அவன் தன்னை வீழ்ந்த மன்னனின் உறவினனான துரைசாமி எனக் கூறிக்கொண்டான். உடன்படிக்கை எவ்வம்சத்தைப் பகையெனத் தள்ளியதோ, அவ்வம்சத்தின் பெயராலேயே மக்கள் திரண்டனர். அவன் உரிமை பொய்யானது என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆயினும் அப்பொய் மக்களை ஈர்த்தது என்பதே இங்கு கருதத்தக்கது. அவர்கள் இழந்துவிட்டதாக உணர்ந்தது தம்மிடையே வாழ்ந்த ஓர் அரசனை. அவனது பூர்வீகம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை மொனரவில கெப்பிட்டிப்பொலை மாத்தளையிற் பிறந்தவர். 1815இன் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் அவரும் ஒருவர். அவர் பிரித்தானியர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். தாம் ஒப்பமிட்ட உறவு முறிந்துவிட்டது என அறிவிப்பதாக அச்செயல் அமைந்தது. 1818இல் கிளர்ச்சி மாத்தளைக்கும் பரவியது. ஊர்களை எரித்தும் பயிரையும் கால்நடையையும் அழித்தும் பிரித்தானியர் அதனை ஒடுக்கினர். உள்நாட்டவருள் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் இறந்திருக்கலாம் எனப் பிரித்தானியப் படையின் மருத்துவராயிருந்த யோன் டேவி மதிப்பிட்டார். நவம்பர் 26ஆம் திகதி கெப்பிட்டிப்பொலையும் மடுகல்லையும் போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

அதற்கு ஐந்து நாட்கள் முன்னர் வெளியான 56 வாசகப் பிரகடனமே கண்டிப் பிரதேசத்தின் புதிய அரசியலமைப்பாயிற்று. பிரதானிகள் ஆணையாளர் சபைக்கும் அரசாங்க முகவர்களுக்கும் கீழ்ப்பட்ட உத்தியோகத்தர் ஆயினர். நெல் விளைவில் பத்தில் ஒரு பங்கு பொதுவரியாக விதிக்கப்பட்டது. பிரித்தானிய அதிகாரிகளுக்கு மரியாதை செலுத்தும் முறைகூட விதியாக எழுதப்பட்டது. பௌத்தத்துக்கு மட்டும் அளிக்கப்பட்டிருந்த உறுதி, எல்லாச் சமயங்களுக்கும் உரிய பாதுகாப்பாக நெகிழ்த்தப்பட்டது. இவற்றுட் சில சீர்திருத்தங்கள் குடிகளுக்கு நன்மை தந்திருத்தல் கூடும். வரையறுத்த வரி, பிரதானிகளின் தன்னிச்சையான அறவீட்டினும் மேலானது எனலாம். ஆனால் அடிப்படை மாற்றம் ஆவணத்தின் வடிவத்திலேயே இருந்தது. உடன்படிக்கைக்கு இரு தரப்பினர் உண்டு. பிரகடனத்துக்கோ ஒருவரே உண்டு. கிளர்ச்சி, வென்றவரைத் தம் வாக்கிலிருந்து விடுவிக்கும் சாக்காக அமைந்தது.

பின்வந்த மாற்றங்கள் யாவும் இவ்வழியே நடந்தன. கோல்புறூக், கமறன் ஆகியோரின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் சட்டநிரூபண சபை தோன்றியது. கண்டிப் பிரதேசத்தின் தனி நிருவாகம் மறைந்தது. 1840களில் மாத்தளையைச் சூழ்ந்த காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் வடக்கு வழியால் நடந்து மாத்தளையை அடைந்து மலைநாட்டிற் புகுந்தனர். அதே காலத்தில் பௌத்த சமயத்தோடு கொண்டிருந்த உத்தியோகபூர்வத் தொடர்பையும் அரசாங்கம் துண்டிக்கத் தொடங்கியது.

1848இல் துப்பாக்கி, நாய், கடை என்பவற்றின் மீது வரிகள் விதிக்கப்பட்டபோது எதிர்ப்பு மாத்தளையிலேயே வெடித்தது. யூலை 26ஆம் திகதி தம்புளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். அவனும் பழைய அரச வம்சத்தின் உறவையே உரிமை கோரினான். புரன் அப்பு ஓகத்து 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் விசாரணையை அடுத்துத் தேசாதிபதி டொறிங்ரன் திருப்பியழைக்கப்பட்டார்.

மக்டோவல் கோட்டையிலிருந்து தம்புளை முடிசூட்டு வரையிலான 45 ஆண்டுகள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. போர்க்காலத்தில் அளிக்கப்படும் வாக்குறுதிக்குக் காப்பு, அதனைப் பெற்றவரிடம் எஞ்சியிருக்கும் வலிமையே ஆகும். பிரதானிகள் தம் உரிமையைக் காகிதத்திற் பெற்றுக்கொண்டு, அதனைக் காக்கவல்ல அரசை இழந்தனர். அரசனை அந்நியன் எனத் தள்ளுவதற்கு இசைந்தவர்கள், மூன்றே ஆண்டுகளில் தம் நாட்டிலேயே அந்நியராயினர். குடிமக்களோ எவ்வாவணத்திலும் ஒப்பமிடக் கேட்கப்படவில்லை. வரியும் தண்டனையும் வந்தபோது அவற்றைச் சுமந்தவர்கள் அவர்களே. சீர்திருத்தம் எத்துணை நேர்த்தியாக வரையப்பட்டிருப்பினும், அதற்கு உட்படுவோரின் சம்மதம் அதில் இடம்பெறாதவரை அது ஆணையாகவே நிற்கும் என்பதை மாத்தளையின் வரலாறு உணர்த்துகின்றது.