மொன்றியல் மேசன்மாரும் 1869ஆம் ஆண்டுப் பிரிவும்

மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதித் தாருங்கோ என்று சங்கத்தார் கேட்டார்கள். எம்மவர் பலரும் பியர்பொன்ட்ஸிலிருந்து டவுன்ரவுனுக்குப் போகையில் காணும் கட்டடமொன்றைப் பற்றியே எழுதுகிறேன். ஷேர்ப்றூக் மேற்கில், சென் மார்க் சந்தியில், உருண்டை தாங்கிய இரு தூண்களுடன் நிற்கிறதே, அதுதான். கோயிலுமில்லை, கோர்ட்டுமில்லை. 1930இல் திறக்கப்பட்ட மேசன் மண்டபம் அது.

மேசன் என்றால் இரகசியக் கதைகள் நிறைய உலாவும். எனக்கு அவர்களுடைய பிரிவுக் கதைதான் முக்கியம். எங்கள் சங்கங்கள் ஒன்று இரண்டாகி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

லொட்ஜ் என்பது அடிக்கிளை. அதற்கு வருடத்துக்கொரு தலைவர், அவருக்கு உதவியாக இரண்டு மேற்பார்வையாளர், பொருளாளர், செயலாளர். உறுப்பினருக்கு மூன்று படிகள். இறைநம்பிக்கை அவசியம், ஆனால் கூட்டத்தில் சமயமும் அரசியலும் பேசக்கூடாது. (இந்த விதி எங்களுக்கு வந்தால் பாதிப்பேர் வாயே திறக்கமாட்டினம்!) லொட்ஜுகளுக்கெல்லாம் மேலே கிராண்ட் லொட்ஜ்.

1855இல் ஹமில்டனில் கனடா கிராண்ட் லொட்ஜ் உருவானது. அப்போது இன்றைய ஒன்ராறியோவும் கியூபெக்கும் ஒரே மாகாணம். 1867இல் அவை வெவ்வேறாகின. மாகாணம் பிரிந்தால் அதிகாரமும் பிரிய வேண்டாமா என்று இங்குள்ளவர்கள் கேட்டார்கள். 1869 ஒக்டோபர் 20ஆம் திகதி மொன்றியலில் கூடி, கியூபெக் கிராண்ட் லொட்ஜை நிறுவினார்கள். ஜோன் ஹமில்டன் கிரஹாம் முதல் தலைவர். பழையவர்கள் இலேசில் விடுவார்களோ? 1874இல்தான் அங்கீகாரம் கிடைத்தது. 1887இல் அவர்களே தங்கள் பெயரோடு 'ஒன்ராறியோ மாகாணத்தில்' என்று சேர்த்துக்கொண்டார்கள். இதற்கிடையில், இலண்டன் பதிவிலிருந்த சில மொன்றியல் லொட்ஜுகள் இரண்டு பக்கமும் சேரவில்லை.

பிரெஞ்சுக்காரர் இதில் குறைவு. 1738இலேயே பாப்பரசர் கத்தோலிக்கரைத் தடுத்துவிட்டார்.

இதே பிரச்சினை இந்தியாவில் வேறுவிதமாகத் தீர்ந்தது. அங்கே இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து என மூன்று அதிகாரங்களின் கீழும் லொட்ஜுகள் இருந்தன. அந்த மூன்றும் சம்மதித்தே 1961 நவம்பர் 24ஆம் திகதி இந்திய கிராண்ட் லொட்ஜ் புதுடில்லியில் தொடங்கப்பட்டது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு பிராந்தியங்கள். தெற்குக்குத் தலைமையிடம் சென்னை. புதியதில் சேருவதா, பழையதிலேயே இருப்பதா என்பதை ஒவ்வொரு லொட்ஜும் தானே முடிவு செய்தது. சேராமல் இருந்தவர்களை ஒருவரும் துரோகி என்று சொல்லவில்லை.