திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் புல்வெளிப் பராமரிப்புத் தொழிலும் அதன் வாடிக்கையாளர்களும்

புல்வெளிப் பராமரிப்பு என்பது புல் பதித்தல், நீர் பாய்ச்சுதல், வெட்டுதல், களையெடுத்தல், உரமிடுதல் ஆகிய வேலைகளை மாதக் கட்டணத்திற்கோ ஆண்டு ஒப்பந்தத்திற்கோ செய்துகொடுக்கும் தொழில் ஆகும். சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இது 'லான் வேலை' என்றும் 'கார்டன் காண்ட்ராக்ட்' என்றும் வழங்கப்படுகிறது. அமெரிக்காவில் இத்தொழிலின் முதன்மை வாடிக்கையாளர் வீட்டுக்காரர். திருவள்ளூர் மாவட்டத்திலோ, குறிப்பாகக் காக்களூர், கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை ஆகிய தொழிற்பேட்டைப் பகுதிகளில், முதன்மை வாடிக்கையாளர் தொழிற்சாலை. இந்த வேறுபாட்டிற்குச் சட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி தண்ணீர்.

மேலைநாட்டுப் பின்னணி

வெட்டிச் சமப்படுத்திய புல்வெளி தொடக்கத்தில் பெரும் செல்வர்களின் உடைமையாக இருந்தது. அதை அரிவாளால் சீராக அரிய நிறைய ஆட்கள் வேண்டும். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேற்பரப்பை மழிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, 1830ஆம் ஆண்டு புல் வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1832 முதல் இப்சுவிச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதைத் தயாரித்தது. தொடக்ககால இயந்திரங்களை வாங்கியவர்களில் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் விலங்கியல் தோட்டமும் ஆக்ஸ்போர்டு கல்லூரிகளும் அடங்கும். அதாவது முதல் வாடிக்கையாளர்கள் நிறுவனங்களே.

வீடுகளை நோக்கிய திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. ஒகையோ மாநிலத்தின் மேரிஸ்வில் நகரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட ஸ்காட் விதை நிறுவனம் முதலில் உழவர்களுக்கு விதை விற்றது. பின்னர் கோல்ஃப் மைதானங்களுக்குப் புல் விதை விற்றது. 1928ஆம் ஆண்டு அது 'லான் கேர்' என்ற சிறு இதழை வீட்டுக்காரர்களுக்கு இலவசமாக அனுப்பத் தொடங்கியது. புல்லை எப்படி வளர்ப்பது என்று சொல்லிக்கொடுத்தே வாங்குபவரை உருவாக்கிய முறை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பெருகின. 1960களின் இறுதியில் அதே மாநிலத்தில் தோன்றிய கெம்லான் நிறுவனம், தொட்டி லாரியில் உரக்கரைசலை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் சென்றது. ஒரே தெருவில் பத்து வீடுகள் கிடைத்தால் லாரி ஓடும் தூரம் குறையும், இலாபம் கூடும். நெருக்கமாக இருக்கும் வாடிக்கையாளரைத் தேடு என்பதே அத்தொழிலின் அடிப்படைக் கணக்கு. இந்தக் கணக்கு கும்மிடிப்பூண்டிக்கும் பொருந்தும். ஆனால் தெருவுக்குப் பதில் தொழிற்பேட்டை.

சென்னையின் முதல் புல்வெளிகள்

தமிழ்நாட்டில் வீட்டு முன்றில் என்பது சாணம் தெளித்துக் கோலமிடும் இடம். அங்கே புல் முளைத்தால் செதுக்கி எறிவார்கள். புல்லைக் காசு கொடுத்து வளர்க்கும் வழக்கம் ஆங்கிலேயருடன் வந்தது. தாவரவியலாளர் இராபர்ட் வைட்டின் முயற்சியால் 1835ஆம் ஆண்டு சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. கதீட்ரல் சாலையில் அதன் தோட்டம் அமைந்தது. 1846இல் தொடங்கிய சென்னை கிரிக்கெட் கழகம் 1860களில் சேப்பாக்கத்தில் நிலைகொண்டது. 1884இல் ஜிம்கானா கழகம் தீவுத்திடலில் அமைந்தது. இவற்றின் திடல்களைப் பேணியவர்கள் மாதச் சம்பளத் தோட்டக்காரர்கள். ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை.

சந்தா முறையில் தோட்டம் நடத்தும் முயற்சி ஒன்று உதகமண்டலத்தில் நடந்தது. 1845 வாக்கில் அங்கிருந்த ஐரோப்பியர் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் செலுத்தி, காய்கறி பெறுவதற்காக ஒரு தோட்டம் தொடங்கினர். அது நீடிக்கவில்லை. 1848இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் மெக்கைவர் பொறுப்பேற்றபின் அது படிப்படியாக இன்றைய அரசு தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. வீட்டுச் சந்தா கைவிட்ட இடத்தில் அரசு வந்து தாங்கியது. புல்வெளியும் ஏறத்தாழ இதே வழியில்தான் சென்றது: முதலில் கழகங்கள், அடுத்து அரசு, அதன்பின் ஆலைகள்.

தொழிற்சாலை வாடிக்கையாளரான விதம்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதிக்கு ஆலைகள் மெல்ல வந்தன. எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழில், 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1970களின் தொடக்கத்தில் திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்சின் மண்வாரி இயந்திரப் பிரிவு எனத் தொடர்ந்தன. 1971இல் உருவான சிப்காட் நிறுவனம் பின்னாளில் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தது. திருவள்ளூர் 1997 சனவரி 1 அன்று தனி மாவட்டமாயிற்று. பழைய பொதுத்துறை ஆலைகளில் தோட்டக்காரர்கள் நிறுவன ஊழியராகவே இருந்தனர். 1991க்குப் பிந்தைய ஆலைகள் காவல், துப்புரவு, தோட்டம் ஆகிய மூன்றையும் வெளியாருக்கு விட்டன. ஒப்பந்தக்காரர் என்ற மனிதர் இத்தொழிலுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

சட்டம் அவருக்கு வேலை கொடுத்தது. 1974இன் நீர்ச் சட்டம், 1981இன் காற்றுச் சட்டம், 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1994இலும் 2006இலும் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைகள் ஆகியவற்றின் வழியே பசுமை வளையம் என்ற நிபந்தனை நிலைபெற்றது. பெரிய ஆலைகளுக்கான அனுமதிகளில் மொத்த நிலத்தில் 33 விழுக்காடு பசுமையாக இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் வழக்கமான வாசகமாக இருந்தது. 10 ஏக்கர் ஆலை என்றால் 3.3 ஏக்கர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2000ஆம் ஆண்டு பசுமை வளையத்திற்கான வழிகாட்டு நூலையும் வெளியிட்டது. அதன் நோக்கம் தூசியையும் வாயுவையும் இலைகளில் தடுத்து நிறுத்துவது. அதற்கு வேண்டியது வேம்பு, புங்கன் போன்ற மரங்களின் வரிசை; புல்வெளி அன்று. ஆயினும் வருகையாளர் கண்ணில் முதலில் படுவது வாயிலருகே உள்ள புல்தான். எனவே பல வளாகங்களில் பணம் புல்லுக்கும் மீதி மரத்துக்கும் போகிறது. இது தலைகீழான வரிசை என்றே சொல்ல வேண்டும்.

மேய்ச்சல் புல்

இவ்வட்டாரத்தில் புல்லுக்கு வேறொரு வாடிக்கையாளரும் இருந்தது: ஆடும் மாடும். கும்மிடிப்பூண்டி வட்டத்தின் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் பூங்காவிற்காக எடுக்கப்பட்ட சுமார் 1,100 ஏக்கர், ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த காட்டு நிலம். ஏரிகளுக்கு மழைநீர் வந்துசேரும் பரப்பும் அதுவே என்று பெரும்பாலும் தலித் மக்களாகிய ஊரார் எடுத்துரைத்தனர், போராடினர், நீதிமன்றம் சென்றனர். பூங்காவில் இடம்பெற்ற மிஷ்லின் டயர் ஆலை தொடர்பாக 2012இல் பிரான்சில், பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் தேசியத் தொடர்பு மையத்தில் முறையீடும் செய்யப்பட்டது. நிலம் தொழிற்பூங்காவாகவே ஆயிற்று. இன்று இத்தகைய பூங்காக்களில் வெட்டிய புல் பெரும்பாலும் குப்பைக் குழிக்குப் போகிறது. களைக்கொல்லி தெளிக்காத வளாகங்களில் அதைச் சுற்றுப்புற ஊர்களின் மாட்டுக்குக் கொடுப்பதில் தடையொன்றும் இருக்கத் தேவையில்லை.

தண்ணீர்க் கணக்கு

சென்னை குடிக்கும் நீரில் பெரும்பங்கு திருவள்ளூர் மாவட்டத்தினுடையது. 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், சோழவரம், செங்குன்றம் ஏரிகள், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுப் புலங்கள் எல்லாம் இங்கேதான் உள்ளன. மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது, மாவட்டத்து வயல் கிணறுகளிலிருந்தும் நீர் வாங்கப்பட்டது. 2020 நவம்பரில் ஐந்தாவது நீர்த்தேக்கமாகக் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை திட்டம் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 50 கோடி கன அடி.

இந்த மண்ணில் ஒரு புல்வெளி எவ்வளவு குடிக்கும்? கோடையில் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 லிட்டர் என்று கொள்ளலாம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே ஏக்கருக்கு 16,000 முதல் 20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றரை நடை வர வேண்டும், தினமும். குடிநீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் ஊரில் இந்தச் செலவை எந்த வீட்டுக்காரரும் நெடுநாள் தாங்கமாட்டார். தாங்கினாலும் அது சரியென்று சொல்ல முடியாது.

தொழிற்சாலை மட்டும் தாங்குவது எப்படி? அங்கே கழிவறை, உணவுக்கூட நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் உண்டு. சுத்திகரித்த நீரை வளாகத்திற்குள் தோட்டத்திற்கே விட வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணைகளில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனை. புல்வெளி அங்கே அழகுப் பொருள் மட்டுமன்று. கழிவுநீர் போய்ச்சேரும் இடம்.

யாருக்கு வேலை செய்வது

ஆகவே இவ்வட்டார ஒப்பந்தக்காரர் பார்க்க வேண்டிய முதல் எண் ஏக்கர் அன்று, ஆட்கள். இந்தியத் தரநிர்ணயக் கணக்கில் தொழிற்சாலைப் பணியாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் நீர். 1,000 பேர் வேலை செய்யும் ஆலையில் 45,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பினால் 36,000 லிட்டர். ஏக்கருக்குச் சராசரி 18,000 லிட்டர் என்றால் அது 2 ஏக்கர் புல்லைக் காக்கும். 150 பேர் மட்டுமே உள்ள இரும்பு உருட்டாலையில் இதே கணக்கு 5,400 லிட்டர்தான் தரும். ஓர் ஏக்கரில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் புல் நிற்காது. அந்த ஆலை 3 ஏக்கருக்கு லான் போடச் சொன்னால், முதல் மாதப் பில் பெரிதாகத் தெரியும். மே மாதத்தில் புல் காயும். பழி ஒப்பந்தக்காரர் மேல் விழும். அத்தகைய ஆலைக்கு மரமும் புதரும் பரிந்துரைத்து, வாயிலருகே மட்டும் புல் வைப்பதே இருவருக்கும் நல்லது. உருட்டாலைத் தூசிக்கும் மரமே மருந்து.

நீரின் தரமும் பார்க்கத்தக்கது. பாசனத்திற்கு விடும் கழிவுநீரில் கரைந்த உப்பின் மேல்வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அந்த அளவை நெருங்கும் நீரில் மென்மையான அலங்காரப் புல் மஞ்சளாகும். நம் அருகம்புல் வகையும், 'கொரியன் கிராஸ்' எனப்படும் சோய்சியா வகையும் ஓரளவு தாங்கும். கோரைக் கிழங்கு எந்த நீரிலும் வளரும். அதைக் குத்தியெடுக்கும் பெண்களின் கூலிதான் இத்தொழிலின் பெருஞ்செலவு.

அந்தக் கூலியே வாடிக்கையாளரைப் பிரிக்கும் இரண்டாவது கோடு. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் ஆலை உரிமையாளரே கொடுக்க வேண்டும் என்றது. அதனால் பெரிய ஆலைகள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்திய சீட்டைக் காட்டினால்தான் பில்லை ஏற்கும். வேலை செய்பவருக்கு இது பாதுகாப்பு. ஆனால் பணம் பின்னால் வரும். கூலியோ வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். உத்யம் பதிவு செய்துகொள்ளாத ஒப்பந்தக்காரருக்கு அதன் பயன் கிட்டாது. இடையில் வளாக மேலாண்மை நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் எடுத்து, தோட்டத்தை மட்டும் உள் ஒப்பந்தமாக விடும்போது காத்திருப்பு இன்னும் நீளும். இரண்டு மாதக் கூலியைக் கையில் வைத்திராதவர் பன்னாட்டு ஆலையின் பெயரைக் கண்டு மயங்கி இறங்கினால் கந்துவட்டியில் போய் முடியும். அவருக்கு ஏற்றவை காக்களூர் சிட்கோ பேட்டையின் நடுத்தரப் பட்டறைகள், பொறியியல் கல்லூரிகள், நெடுஞ்சாலையோரத் திருமண மண்டபங்கள் முதலியன. பரப்பு சிறிது, பணம் விரைவு.

தனி வீடுகளை அறவே விட்டுவிடவும் முடியாது. புதிய மனைப்பிரிவுகளின் பொதுப் பூங்காக்கள் குடியிருப்போர் சங்கங்களின் கைக்கு வரும்போது சிறு வேலைகள் கிடைக்கின்றன. ஆனால் மூன்று ஆலைகள் ஒரே சிப்காட் சாலையில் இருந்தால், ஒரு புல் வெட்டும் இயந்திரமும் ஒரு குட்டி யானை வண்டியும் நான்கு ஆட்களும் போதும். அதே மூன்று வேலைகள் திருவள்ளூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டை என்று சிதறினால் டீசலே பாதியைத் தின்றுவிடும்.

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நிதியாண்டையொட்டி ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகின்றன. நீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்கள் அதன்பின் தொடங்குகின்றன. புல் மிக வேகமாக வளரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வரும். அதனால் விவரமறிந்த ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளியில் சதுர அடிக்கு இவ்வளவு என்ற தொகைக்கு முன்பாகவே ஒரு வரி இருக்கும்: தோட்டத்திற்கான நீரும் மின்சாரமும் ஆலையினுடையவை, நீர் நின்ற நாளில் புல் காய்ந்தால் மறுபதிப்புச் செலவு ஒப்பந்தக்காரரைச் சாராது.