உலர் தேயிலையின் தோற்றச் சொற்கள்

உலர்ந்த தேயிலையைப் பார்த்து மதிப்பிடும் பழைய சொற்களில் ஒன்று 'பெக்கோ'. சீனத்தின் அமோய் வட்டாரப் பேச்சிலிருந்து வந்த இச்சொல், மொட்டின் மேலுள்ள வெண்மயிரைக் குறித்தது. இலங்கையில் அது இன்று தரப்பெயர். 'ஆரஞ்சு பெக்கோ'வில் ஆரஞ்சுப் பழத்துக்கு வேலையே இல்லை.

தரப்பெயர் இலையின் அளவைச் சொல்லும்; தோற்றச் சொல் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்லும். 'கறுப்பு' பாராட்டு. 'கம்பி போன்றது' என்றால் நன்கு வாட்டி இறுக்கமாக முறுக்கிய இலை. 'சாம்பல்' குறை: சலிக்கும்போது அதிகம் உரசி, மேலே உலர்ந்த சாறு தேய்ந்துவிட்டது. 'பழுப்பு' பெரும்பாலும் முற்றிய இலையும் தண்டும் கலந்ததைக் காட்டும். கொழுந்து பறிப்பிலேயே தவறு. 'பொன் நுனி' மொட்டின் மயிரில் சாறு படிந்து நிறம் மாறியது.

1930இல் அசாமின் அம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் சி.டி.சி. எந்திரத்தை உருவாக்கினார். அது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும். அந்தத் தூளிடம் 'கம்பி'யை எதிர்பார்க்க முடியாது. 'மணிமணியானது', 'சீரானது' என்பவை பாராட்டாயின.

நீலகிரித் தேயிலை குன்னூரில் ஏலம் போகிறது. அங்கே 'பழுப்பு', 'நார் மிகுதி' என்று குறிக்கப்பட்ட தூளுக்கு விலை இறங்கும். சிறு விவசாயியின் பச்சைத் தேயிலை விலையும் ஏல விலையை ஒட்டியே அமைவதால், அந்தச் சொல் அவர் கைக்கும் வந்து சேரும்.

'டஸ்ட்' என்ற பெயர் மட்டும் ஏமாற்றும். கழிவு போல ஒலித்தாலும் அது ஒரு தரம். விரைவில் அடர்ந்த சாறு இறங்குவதால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை போன்ற இடங்களின் டீக்கடைகளில் பாலுக்கு ஈடுகொடுப்பது அதுதான்.